கீழ்ப்படியாமை யாருடையது? கிருஷ்ணகிரி அருகே ஒரு குடும்ப தியானம் பற்றிய மதிப்புரை

பள்ளி திறப்பதற்கு ஒரு வாரம் இருந்தபோது, காவேரிப்பட்டணத்துக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே, நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி, மாந்தோப்புகளுக்கு நடுவில் இருக்கும் ஒரு கத்தோலிக்கத் தியான இல்லத்தில், உரைகளும் வழிபாடுமாக நடந்த குடும்ப தியானத்தில் கணவர், பத்தாம் வகுப்பை முடித்த மகன், ஆறாம் வகுப்புக்குப் போகவிருந்த மகள் ஆகியோருடன் கலந்துகொண்டேன். மூன்று நாள் தியானத்துக்கும் ஒரே தலைப்பு: ‘கீழ்ப்படியாமையும் குடும்ப வாழ்வும்’. இல்லத்தின் பெயரை எழுதப்போவதில்லை. சில குறைகளைச் சொல்ல வேண்டியிருக்கிறது; அவற்றைப் பொறுப்பாளரிடம் நேரிலும் சொல்லிவிட்டேன். இப்படிப்பட்ட தியானத்துக்குக் குடும்பத்தோடு போகலாமா என்று யோசிப்பவர்களுக்கு அங்கே என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று தெரிந்தால் உதவியாக இருக்கும் என்பதற்காகவே இந்த மதிப்புரை.

முதலில் நடைமுறை விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குள் வந்து சேர வேண்டும். ஞாயிறு திருப்பலியும் மதிய உணவும் முடிந்ததும் அனுப்பிவிடுகிறார்கள். தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் சேர்த்துப் பெரியவர்களுக்கு 900 ரூபாய், பிள்ளைகளுக்கு 500 ரூபாய். அவ்வளவு கொடுக்க இயலாதவர்கள் பங்குத்தந்தையிடமிருந்து ஒரு கடிதம் வாங்கி வந்தால் பாதி கட்டினால் போதும் என்று பதிவுப் படிவத்திலேயே அச்சிட்டிருந்தார்கள்; யாரும் அலுவலக வாசலில் நின்று கெஞ்ச வேண்டியதில்லை. குடும்பத்துக்கு ஓர் அறை, நான்கு இரும்புக் கட்டில்கள், ஒரு மின்விசிறி. குழாயில் தண்ணீர் காலை 5 மணி முதல் 7 மணி வரைதான் வரும், ஆகவே வாளிகளில் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். அறையும் கழிப்பறையும் சுத்தமாக இருந்தன. கொசுவலை கிடையாது, மாந்தோப்புக்குள் இருக்கும் கட்டடத்தில் அது ஒரு பெரிய குறை.

வந்திருந்தவை சுமார் 35 குடும்பங்கள். சேலம் மறைமாவட்டத்திலிருந்து (ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள திருச்சபைப் பகுதி) 1997இல் தருமபுரி மறைமாவட்டம் பிரிக்கப்பட்டபோது இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டப் பகுதிகள் இரண்டும் அதற்குள் வந்துவிட்டதால், கோவிலூர், எலத்தகிரி போன்ற பழைய கிறிஸ்தவ ஊர்க்காரர்களும், வேலைக்காக ஓசூரில் குடியேறியவர்களும் ஒரே பந்தியில் உட்கார்ந்திருந்தோம். சீர்திருத்தச் சபையான தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த ஒரு தம்பதியும் வந்திருந்தார்கள். விவிலியத்தின் முதல் நூலை நாங்கள் ‘தொடக்கநூல்’ என்று புரட்டும்போது அவர்கள் தங்கள் பழைய மொழிபெயர்ப்பில் ‘ஆதியாகமம்’ என்று புரட்டினார்கள். இரண்டிலும் அது அதே மூன்றாம் அதிகாரம்தான்.

வரவேற்பறையில் ஒரு சிஸ்டர் மஞ்சள் துணிப்பையோடு உட்கார்ந்து எல்லோருடைய கைப்பேசிகளையும் வாங்கிக்கொண்டு, எண் போட்ட பிளாஸ்டிக் டோக்கன்களைக் கொடுத்தார். என் மகனிடமிருந்து அதை வாங்குவது எளிதாக இருக்கவில்லை. வீட்டில் கடந்த ஓராண்டாக எங்களுக்குள் நடந்த சண்டைகளில் முக்கால்வாசி அந்தக் கைப்பேசியைப் பற்றியவை. ஞாயிறு திருப்பலிக்கு வரமாட்டேன் என்று அவன் சொல்லத் தொடங்கியது மீதிக் கால்வாசி. ‘கீழ்ப்படியாமை’ என்ற தலைப்பைப் பார்த்ததும் இந்தத் தியானத்துக்கு நான் பெயர் கொடுத்ததற்கான காரணத்தை மறைக்கத் தேவையில்லை: யாராவது ஒருவர் அவனுக்கு எடுத்துச் சொல்லட்டும் என்று நினைத்தேன். என் கைப்பேசியை நானும் கொடுத்தேன். நான் வேலை செய்யும் பள்ளியின் சேர்க்கை வேலைக்காக வைத்திருக்கும் இரண்டாவது கைப்பேசியைக் கொடுக்கவில்லை. அது பெட்டிக்குள் துண்டில் சுற்றி இருந்தது.

வெள்ளி இரவு உரை எனக்கு ஏமாற்றம். வெளி மாவட்டத்திலிருந்து வந்திருந்த மூத்த அருள்தந்தை நல்ல குரல் வளம் உள்ளவர், நகைச்சுவையாகவும் பேசினார். ஆனால் ஒரு மணி நேரமும் அவர் கீழ்ப்படியாமையைப் பிள்ளைகளுக்கு மட்டுமே உரிய சொத்தாகப் பேசினார். கத்தோலிக்க வரிசையில் நான்காம் கட்டளையாக வரும் ‘உன் தாயையும் தந்தையையும் மதித்து நட’ என்பதில் தொடங்கி, அடங்காத மகனை ஊர் வாயிலுக்கு இழுத்துச் சென்று கல்லெறிந்து கொல்லச் சொல்லும், பழைய ஏற்பாட்டு இணைச்சட்ட நூலின் 21ஆம் அதிகாரத்தை வாசித்து, “அந்தக் காலத்தில் இப்படி இருந்தது” என்று மட்டும் சொல்லி, அந்தப் பயம் அரங்கில் தங்கட்டும் என்று விட்டுவிட்டார். அந்தப் பகுதியை வாசிப்பவர் இன்னும் இரண்டு விஷயங்களையாவது சொல்லியிருக்க வேண்டும். மகனைத் தண்டிக்கத் தந்தைக்குத் தனியாக அதிகாரம் இல்லை, தாயும் உடன் வந்து ஊர்ப் பெரியவர்கள் முன் சொல்ல வேண்டும் என்ற கட்டுப்பாடு அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. அப்படி ஒரு மகன் இருந்ததும் இல்லை, இருக்கப்போவதும் இல்லை என்று யூத ரபிகள் தல்மூது என்ற தங்கள் சட்ட விளக்கத் தொகுப்பில் விவாதித்திருக்கிறார்கள். இவை எதுவும் இல்லாமல் பதினைந்து வயதுப் பிள்ளைகளிடம் வாசித்தால் அது மறையுரை ஆகாது, மிரட்டல்தான் ஆகும். என் மகன் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆதாமின் பாவம் நமக்கு எப்படி வந்தது என்பதற்கும் அவர் ஓர் உவமை சொன்னார். அப்பா வாங்கிய கடனை மகன் அடைப்பதில்லையா, அதுபோல என்றார். வட்டிக்கு வாங்கி மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுக்கும் ஊரில் அது எல்லோருக்கும் உடனே புரியும் உவமைதான். புரிவது வேறு, சரியாக இருப்பது வேறு. இதைப் பிறகு சொல்கிறேன்.

சனிக்கிழமை காலை உரையை இளைய அருள்தந்தை ஒருவர் எடுத்துக்கொண்டார். இந்தத் தியானத்துக்குப் போகலாம் என்று நான் சொல்வதற்கான காரணத்தில் பாதி அந்த ஒன்றரை மணி நேரம். அவர் மேடையில் ஏறாமல் நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, தொடக்கநூலின் இரண்டாம், மூன்றாம் அதிகாரங்களை வரிவரியாக வாசிக்க வைத்தார். விலக்கப்பட்ட கனி ஆப்பிள் என்று எங்கும் எழுதப்படவில்லை, ‘கனி’ என்றுதான் இருக்கிறது, இலத்தீனில் தீமைக்கும் ஆப்பிளுக்கும் ஏறக்குறைய ஒரே சொல் இருப்பது ஐரோப்பிய ஓவியர்களுக்குத் தோதாக அமைந்துவிட்டது, இங்கே எழுதியிருந்தால் அது செந்தூரா மாம்பழமாக இருந்திருக்கும் என்று அவர் சொன்னபோது பிள்ளைகள் பக்கம் முதல் முறையாகச் சிரிப்பு கேட்டது.

பிறகு ஒரு கேள்வி கேட்டார். மரத்தின் கனியை உண்ணக்கூடாது என்ற கட்டளை யாருக்குக் கொடுக்கப்பட்டது? எல்லோரும் ஆதாம் ஏவாள் இருவருக்கும் என்றோம். பார்க்கச் சொன்னார். கட்டளை 2ஆம் அதிகாரம் 17ஆம் வசனத்தில் வருகிறது. பெண் உருவாக்கப்படுவது 22ஆம் வசனத்தில். அப்படியானால் ஏவாளுக்கு அந்தக் கட்டளை கணவன் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். அவள் அதைப் பாம்பிடம் திருப்பிச் சொல்லும்போது கடவுள் சொல்லாத ஒன்றும் சேர்ந்துவிடுகிறது: உண்ணவும் கூடாது, தொடவும் கூடாது. அந்த ‘தொடவும் கூடாது’ எங்கிருந்து வந்தது? சேர்த்தது ஆதாமா, ஏவாளா என்று நூல் சொல்வதில்லை. யூத மரபில் ஒரு பழைய விளக்கம் உண்டு. பாம்பு ஏவாளை அந்த மரத்தின்மீது தள்ளிவிட்டு, “தொட்டுவிட்டாய், சாகவில்லையே, அப்படியானால் உண்டாலும் சாகமாட்டாய்” என்றதாம். “நாம் பிள்ளைகளுக்குச் சொல்லும் கட்டளைகளில் கடவுள் சொன்னது எவ்வளவு, நாம் பயத்தில் சேர்த்தது எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்” என்று அவர் சொன்னபோது, முந்தைய இரவின் உரைக்குக் கிடைத்த மறுமொழியாகவே அது எனக்குப் பட்டது. அவர் அப்படி நினைத்துச் சொன்னாரா என்று தெரியாது. நான் எழுதிய தாளில், நாங்கள் சேர்த்ததற்கான வலப்பக்கம் நீண்டுகொண்டே போனது: பக்கத்துத் தெருப் பையனோடு சேராதே, முடியை இப்படி வெட்டாதே, அறிவியல் பிரிவைத்தான் எடுக்க வேண்டும். இடப்பக்கத்தில் மூன்று வரிகள்கூட நிறையவில்லை.

அடுத்து அவர் எங்களை நிறுத்தி வைத்த இடம் ஆதாமின் ஒரு வாக்கியம். “நீ எங்கே இருக்கின்றாய்?” என்று கடவுள் கேட்கிறார், தோட்டத்தையே உண்டாக்கியவருக்கு அவன் இருக்கும் மரம் தெரியாமலா கேட்டார்? உண்டாயா என்று அடுத்துக் கேட்டதற்கு, ஆதாம் ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ சொல்லாமல், தன்னோடு இருக்கும்படி நீர் தந்த அந்தப் பெண் கொடுத்தாள், உண்டேன் என்கிறான். ஒரே மூச்சில் மனைவியையும் குற்றம் சாட்டியாயிற்று, அவளைத் தந்தவரையும் குற்றம் சாட்டியாயிற்று. இத்தனைக்கும் 6ஆம் வசனத்தை உற்றுப் பார்த்தால் பாம்பு பேசியபோது அவன் அவளுடனேயே இருந்திருக்கிறான். ஒரு வார்த்தை பேசவில்லை. “கனியைத் தின்றது கடவுளுக்குக் கீழ்ப்படியாமை. இந்த வாக்கியம் குடும்பத்தின் முதல் சண்டை. முதலாவது எவ்வளவு சீக்கிரம் இரண்டாவதாக மாறுகிறது பாருங்கள்” என்றார் அவர். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். ‘உன் பிள்ளை’ என்பது எங்கள் வீட்டில் மகன் தவறு செய்யும் நாட்களில் மட்டும் இருவரும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் சொல்.

உரை முடிந்த இடைவேளையில் நான் அறைக்கு வந்து, கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, துண்டிலிருந்து இரண்டாவது கைப்பேசியை எடுத்துப் பள்ளிக் குழுவில் ஒரு பெற்றோருக்குப் பதில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். தண்ணீர் பாட்டில் எடுக்க மகன் உள்ளே வந்ததைக் கவனிக்கவில்லை.

“அம்மா, அதுக்கு டோக்கன் வாங்கலையா?”

“ஸ்கூல் வேலைடா. எச்.எம். கொடுத்த வேலை” என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் என் வாக்கியம் எந்த வாக்கியத்தின் அச்சில் வார்த்தது என்று எனக்கு உறைத்தது. அவன் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கோபித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

மதிய உணவுக்கு முன் ஒரு மணி நேரம், பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து பேசிய வகுப்பு. அந்த மூன்று நாட்களில் அப்படி நடந்தது அந்த ஒரு முறைதான் என்பதை இந்தத் தியானத்தின் மிகப் பெரிய குறையாகச் சொல்வேன். நடத்தியவர் வரவேற்பறையில் துணிப்பையோடு இருந்த அதே சிஸ்டர். கேள்வி கேட்கலாம் என்றதும் என் மகன் எழுந்து, ஆதாம் செய்த தப்புக்கு நான் எப்படிப் பொறுப்பு, அப்பா கடன் வாங்கினால் நான் அடைக்கலாம், எனக்குப் பாவம் எப்படி வரும் என்று கேட்டான். அவன் குரலில் குறும்பு இருந்தது. சிஸ்டர் அதைக் கண்டுகொள்ளாமல், இந்தப் பக்கத்து ஊர்களில் பல்லில் பழுப்புக் கறை உள்ள பிள்ளைகள் உன் வகுப்பில் எத்தனை பேர் என்று திருப்பிக் கேட்டார். மகன் எண்ணிப் பார்த்து ஏழெட்டுப் பேர் என்றான். அந்தப் பிள்ளைகள் என்ன தப்பு செய்தார்கள்?

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வரி: தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃப்ளோரைடு அளவுக்கு மீறி இருக்கிறது. பல் உருவாகும் வயதில் அந்த நீரையே குடித்து வளரும் பிள்ளையின் பல்லில் கறை படிகிறது. ஆண்டுக்கணக்காகக் குடித்தால் எலும்பும் பாதிக்கப்படும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கி வைக்கப்பட்டதன் முக்கிய நோக்கங்களில் ஒன்று இதைத் தடுப்பது. பதினெட்டு ஆண்டுகளாக இந்தப் பகுதிப் பள்ளிகளில் வேலை செய்கிறேன். புகைப்படத்துக்கு உதட்டை மூடிக்கொண்டு நிற்கும் பிள்ளைகளை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்.

சிஸ்டர் சொன்னது இதுதான். அந்தப் பிள்ளை எந்தத் தவறும் செய்யவில்லை, ஆனால் பல்லில் கறை இருக்கிறது. யாருடைய கடனையும் அந்தப் பிள்ளை சுமக்கவில்லை. கெட்டுப்போன நீருள்ள ஊரில் பிறந்திருக்கிறது. திருச்சபை ‘பிறப்புநிலைப் பாவம்’ என்று சொல்வதும் நாம் செய்த ஒரு செயலைக் குறிக்கவில்லை. நாம் பிறந்து விழும் ஒரு நிலையைக் குறிக்கிறது. 1546இல் திரெந்து நகரில் கூடிய ஆயர்களின் பொதுச்சங்கம் இதை வரையறுத்தது, 1992இல் வெளிவந்த, திருச்சபையின் போதனைத் தொகுப்பான மறைக்கல்வி நூல் அதை இன்னும் தெளிவாக்கி, இங்கே ‘பாவம்’ என்ற சொல் ஒப்புமை முறையில்தான் பயன்படுகிறது, அது ‘செய்யப்பட்டது’ அன்று, ‘பெறப்பட்டது’ என்கிறது. திருமுழுக்கு (ஞானஸ்நானம்) என்பது ஒகேனக்கல் தண்ணீர் வீட்டுக்கு வந்த மாதிரி. ஆனால் நல்ல தண்ணீர் வந்துவிட்டது என்பதால் ஏற்கெனவே படிந்த கறை மறுநாளே போய்விடுவதில்லை. பாவத்தின் பக்கம் சாயும் இயல்பு திருமுழுக்குப் பெற்றவருக்குள்ளும் தங்கியிருக்கிறது என்று திருச்சபை சொல்வது அந்தக் கறையைத்தான்.

உவமை எதுவும் முழுதாகப் பொருந்தாது. நீர் கெட்டது பாறையினால். மனித இயல்பு காயப்பட்டது மனிதன் தானே எடுத்த முடிவினால் என்பது கிறிஸ்தவப் போதனை. அந்த வேறுபாட்டையும் சிஸ்டரே சொன்னார். பிறப்புநிலைப் பாவத்தைப் பற்றிப் பழைய இறையியலாளர் அகுஸ்தினார் எழுதியவற்றைப் படித்த போதுகூட எனக்குப் பிடிபடாத ஒன்று, இந்தக் கறைபட்ட பல்லை வைத்துக்கொண்டு பிடிபட்டது. மகன் உட்காரவில்லை, “அப்படின்னா எங்கப்பா அம்மாவுக்கும் அந்தக் கறை இருக்குமே” என்றான். அரங்கம் சிரித்தது. “அவர்கள்தான் முதலில் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள்” என்றார் சிஸ்டர். அவன் என் பக்கம் திரும்பவில்லை. டோக்கன் பற்றி அவன் எதுவும் சொல்லிவிடுவானோ என்று பயந்து, நான்தான் தலையைக் குனிந்திருந்தேன்.

சாப்பாடு பற்றிச் சொல்ல இதுவே சரியான இடம். சனி மதியம் ராகிக் களியும் கீரைக் குழம்பும், வேண்டாதவர்களுக்குச் சோறும் ரசமும், இரவு இட்லி, ஞாயிறு கோழிக் குழம்பு. களி கட்டி இல்லாமல், விரலில் ஒட்டாத பதத்தில் இருந்தது. ஒவ்வொரு வேளையும் தோப்பிலிருந்து மாம்பழம், கேட்கக் கேட்கக் கொடுத்தார்கள். சாப்பாட்டு அறைச் சுவரில், திருத்தந்தை பிரான்சிஸ் குடும்பங்களுக்கு அடிக்கடி நினைவூட்டிய ‘தயவுசெய்து, நன்றி, மன்னித்துவிடு’ என்ற மூன்று சொற்களையும் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தார்கள். பரிமாறிய தன்னார்வத் தொண்டர்கள் அந்த மூன்றையும் பயன்படுத்தவும் செய்தார்கள்.

பிற்பகல் அமர்வு மறுபடியும் மூத்த அருள்தந்தையுடையது. கணவன் மனைவிக்கு மட்டும். புதிய ஏற்பாட்டில் எபேசியருக்கு எழுதிய மடலின் 5ஆம் அதிகாரத்தை 22ஆம் வசனத்திலிருந்து தொடங்கினார்: மனைவி கணவனுக்குப் பணிந்திருக்க வேண்டும். அதற்கு முந்திய வசனம், 21ஆவது, கிறிஸ்துவுக்கு அஞ்சி ஒருவருக்கொருவர் பணிந்திருங்கள் என்கிறது. கிரேக்க மூலத்தின் பழைய படிகள் சிலவற்றில் 22ஆம் வசனத்துக்குத் தனியாக வினைச்சொல்லே கிடையாது. 21இல் உள்ள பணிதல்தான் அங்கும் தொடர்கிறது. ஆகவே 21ஐ விட்டுவிட்டு 22ஐ வாசிப்பது, வாக்கியத்தை இடுப்பில் வெட்டி வாசிப்பது. கணவனுக்குச் சொல்லப்பட்ட பங்கு, கிறிஸ்து திருச்சபைக்காகத் தம்மையே கையளித்ததுபோல அன்புசெய்ய வேண்டும் என்பது. அது நீளமானது, கடினமானது. அதற்கு அவர் ஐந்து நிமிடம் செலவிட்டார், பணிவுக்கு நாற்பது நிமிடம். ‘அவன் உன்னை ஆள்வான்’ என்ற தொடக்கநூல் 3:16ஐயும் கட்டளைபோல எடுத்துக்காட்டினார். அது கீழ்ப்படியாமையால் குடும்பத்தில் விழுந்த விரிசலின் விவரிப்பு. நோயின் பெயரை மருந்துச் சீட்டாகப் படிக்கக்கூடாது. பெண்களின் மாண்பைப் பற்றித் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1988இல் எழுதிய திருத்தூது மடல் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது: அந்த ஆளுகை பாவத்தின் விளைவு, கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் பணிவதே நற்செய்தியின் புதுமை. முப்பதாண்டுகளுக்கு மேலாகிவிட்ட ஒரு போதனை மேடைக்கு வந்து சேராமல் இருப்பதைக் கருத்துப் படிவத்தில் எழுதிக் கொடுத்தேன்.

மாலையில் கேள்விப் பெட்டி. பெயர் எழுதாமல் சீட்டுப் போடலாம். நல்ல ஏற்பாடு, ஏனென்றால் மூன்றாவதாகப் பிரித்த சீட்டை யாரும் எழுந்து நின்று கேட்டிருக்க மாட்டார்கள். மகள் வேறு சாதியைச் சேர்ந்த ஒரு கிறிஸ்தவப் பையனைத் திருமணம் செய்ய விரும்புகிறாள், பெற்றோர் வேண்டாம் என்கிறோம், இது கடவுளுக்குக் கீழ்ப்படியாமை ஆகுமா என்று அதில் எழுதியிருந்தது. இளைய அருள்தந்தை மறைக்கல்வி நூலை எடுத்து வாசித்தார்: பெற்றோருக்குக் கீழ்ப்படியும் கடமை பிள்ளைகள் பெரியவர்களாகித் தம் பொறுப்பில் வாழத் தொடங்குவதோடு முடிகிறது, மதிக்கும் கடமை என்றைக்கும் முடிவதில்லை, தொழிலையும் வாழ்க்கைத் துணையையும் தேர்வதில் பெற்றோர் பிள்ளைகளை நெருக்கக்கூடாது. வற்புறுத்தலிலும் பெரும் அச்சத்திலும் கொடுக்கப்படும் சம்மதம் செல்லாது என்று திருச்சபைச் சட்டம் சொல்வதையும் நினைவூட்டினார். “சாதியைக் காரணம் காட்டி மறுப்பவர்தான் கீழ்ப்படியாதவர்” என்று அவர் தொடங்கிய வாக்கியத்தின் மேல், மூத்தவர் ஒலிவாங்கியை எடுத்து, தேநீர் தயாராக இருக்கிறது என்றார். கிறிஸ்தவக் குடும்பங்களுக்குள்ளும் சாதி இருப்பது எல்லோருக்கும் தெரியும். கலப்புத் திருமணம் ஒன்றை முன்வைத்து 2012 நவம்பரில் நாய்க்கன்கொட்டாய் பகுதியில் மூன்று தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்ட தருமபுரி மாவட்டம் எங்கள் மறைமாவட்டத்துக்குள்தான் இருக்கிறது. கடவுளுக்குக் கீழ்ப்படியாமையும் குடும்பமும் நேருக்கு நேர் மோதும் இடம் இந்த ஊரில் இதைவிட வேறு இருக்க முடியாது. அந்த இடத்தில் தேநீர் வந்துவிட்டது. தேநீர் நன்றாக இருந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

அன்று இரவு நற்கருணை ஆராதனைக்குப் பிறகு ஒப்புரவு அருளடையாளத்துக்கு (பாவசங்கீர்த்தனம்) நான்கு குருக்கள் இருந்தார்கள். வரிசை நீளம், ஆனால் யாரையும் அவசரப்படுத்தவில்லை. வரிசையில் நிற்பதற்கு முன் நான் வரவேற்பறைக்குப் போய், இரண்டாவது கைப்பேசியை சிஸ்டரிடம் கொடுத்தேன். அவர் எதுவும் கேட்காமல் இன்னொரு டோக்கனை நீட்டினார். அறையில் இரண்டு டோக்கன்களையும் மேசைமேல் வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் மகன் அவற்றைப் பார்த்தான். எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்துவிட்டுப் பல் துலக்கப் போனான்.

ஞாயிறு காலை உரை லூக்கா நற்செய்தி 15ஆம் அதிகாரம். சொத்தில் தன் பங்கை வாங்கிக்கொண்டு போய் அழித்துவிட்டுத் திரும்பிவரும் ஊதாரி மகனைப் பற்றிப் பேசாமல், வீட்டிலேயே இருந்த மூத்த மகனைப் பற்றி இளைய அருள்தந்தை பேசினார். உம் கட்டளையை நான் ஒருபோதும் மீறியதில்லை என்று தந்தையிடம் சொல்பவன் அவன்தான். அந்தக் கதையின் முடிவில் வீட்டுக்கு வெளியே நிற்பவனும் அவன்தான். கட்டளையை மீறாமலேயே ஒருவன் தந்தைக்குத் தூரமாக முடியும் என்பது, முப்பது ஆண்டுகளாக ஒரு ஞாயிறும் தவறாமல் கோயிலுக்குப் போகிறவள் என்று மகனிடம் சொல்லிக்காட்டும் எனக்கு வசதியான உரையாக இருக்கவில்லை. இளைய மகன் கேட்டபோது தந்தை சொத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டார், வழியை மறிக்கவில்லை என்பதையும் அவர் சுட்டிக்காட்டினார். இதற்கு எதிர்ப்பக்கமாக, தன் மகன்கள் செய்த அக்கிரமம் தெரிந்தும் தடுக்காத குரு ஏலியின் கதையையும் (1 சாமுவேல் 3) வைத்தார். எப்போது விட வேண்டும், எப்போது தடுக்க வேண்டும் என்பதற்குச் சூத்திரம் எதுவும் தராமல் அவர் முடித்தது சிலருக்குப் பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்தது.

போக நினைப்பவர்களுக்குச் சில சொற்கள். கொசுவலை அல்லது மருந்து, ஒரு டார்ச், சொந்தத் தலையணை உறை எடுத்துச் செல்லுங்கள். எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அங்கே பாட்டும் படம் வரைவதும் தவிர வேறு ஏற்பாடு இல்லை. கணவன் மனைவிக்குள் கடுமையான பிரச்சினை உள்ளவர்கள், குறிப்பாக அடிதடி உள்ள வீட்டுப் பெண்கள், இந்தத் தியானத்தை அதற்கான தீர்வாக நினைத்துப் போக வேண்டாம். அங்கே பயிற்சி பெற்ற ஆலோசகர் இல்லை, சனி பிற்பகல் உரை அவர்களுக்குத் தீங்காகக்கூட முடியலாம். பிள்ளையைத் திருத்த வேண்டும் என்ற ஒரே நோக்கத்தோடு போகிறவர்கள் வெள்ளி இரவோடு திருப்தியாகத் திரும்பிவிடலாம்; அதற்குப் பிறகு அவர்களுக்கு அங்கே வேலை இல்லை. நடத்துபவர்களிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: குடும்ப தியானம் என்று பெயர் வைத்துவிட்டு, காலையில் பிரித்து இரவில் சேர்க்காமல், சிஸ்டர் நடத்தியதைப் போன்ற கூட்டு வகுப்பு நாளுக்கு இரண்டாவது வைக்க வேண்டும். குறித்துக்கொண்டார்கள்.

புறப்படும்போது சிஸ்டர் டோக்கன்களை வாங்கிக்கொண்டு துணிப்பையிலிருந்து ஐந்து கைப்பேசிகளை எடுத்து எங்கள் கையில் கொடுத்தார். மகள் வைத்திருப்பது பழைய பொத்தான் கைப்பேசி, அதற்கும் டோக்கன் வாங்கியிருந்தாள். கிருஷ்ணகிரிப் பேருந்துக்குக் காத்திருந்தபோது, ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் கொடுக்கலாம் என்று வீட்டில் எல்லோரையும் கேட்டேன். நான் நான்கு என்றேன். கணவர் சாப்பாட்டுக்கு ஐந்து, சனி பிற்பகலுக்கு ஒன்று என்றார். மகள் மாம்பழத்தை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டாள். மகன், சிஸ்டருக்கு நாலரை, மற்றவர்களுக்கு அப்புறம் சொல்கிறேன் என்றான்; இந்த மதிப்புரையை அனுப்பும் வரை இன்னும் சொல்லவில்லை.